இதய அறுவைக்குப் பிறகு நடக்க வைப்பது எப்படி?

பைபாஸ் முடிந்து வார்டில் இருப்பவரிடம் "அசையாமல் படுத்திருங்கள்" என்று சொல்வதுதான் நம் அன்பு. ஆனால் படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும், கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையலாம். அதனால்தான் பலரை மறுநாளே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

முதலில் நர்ஸிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சரி என்றால், வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து எழுப்புவது நல்லது. வலி அடங்கியிருந்தால் பயமும் பாதி குறையும். எழுந்ததும் நடக்க விடாதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம்.

தயவுசெய்து கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். முதுகுக்குப் பின்னால் தாங்குங்கள். இருமும்போதும் எழும்போதும் ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது எவ்வளவு ஆறுதல் என்று அவர் முகமே சொல்லும்.

அப்புறம் நாற்காலி வரை, பிறகு கதவு வரை. நடந்துகொண்டே அவரால் பேச முடிந்தால் வேகம் சரி. நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை என ஏதாவது வந்தால் அங்கேயே உட்கார வைத்து உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

"இன்று வேண்டாம், களைப்பாக இருக்கிறது" என்பார். அதட்ட வேண்டாம். "ஜன்னல் வரை மட்டும் போய்வரலாம், நான் கூடவே வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.