எண்ணெய் டின்னில் ராக்கெட் அடுப்பு: புகை குறைய வேண்டிய அளவுகள்

விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் தப்பினால் அதுதான் புகை. ஏறக்குறைய 600 டிகிரிக்கு மேல் சூடும், போதுமான காற்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அந்த வாயுவும் எரிந்துவிடும். அந்த இடத்தைத்தான் நாம் கட்டப்போகிறோம்.

தேவையானவை: 15 கிலோ சமையல் எண்ணெய் டின் (சதுர டின், சுமார் 35 செ.மீ. உயரம்), 3 மி.மீ. கனமுள்ள 10×10 செ.மீ. எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) ஸ்கொயர் டியூப் அரை மீட்டர், 2.5 செ.மீ. எல் ஆங்கிள் மூன்று சிறு துண்டுகள், கொஞ்சம் தகடு, வெந்து சாம்பல் நிறமான உமிச் சாம்பல். ஜி.ஐ. குழாய் விலை குறைவு என்று வாங்க வேண்டாம். சூடேறினால் அதன் துத்தநாகப் பூச்சு நச்சுப் புகையாகும். பூச்சிமருந்து, தின்னர் இருந்த டின்னும் ஆகாது.

டியூபில் 30 செ.மீ. துண்டு நிமிர்ந்து நிற்கும். அதன் அடிவாயைத் தகட்டால் அடைத்துவிடுங்கள். 15 செ.மீ. துண்டு விறகு வைக்கும் வாய். நிற்கும் துண்டின் அடியில், ஒரு பக்கச் சுவரில் 9.4 செ.மீ. சதுரத் துளை போட்டு, வாயை அங்கே பொருத்தி வெல்டிங் பட்டறையில் பற்றவைத்து வாங்குங்கள்.

இந்த எல் வடிவம் டின்னுக்குள் சாய்த்தாலும் நுழையாது. அதனால் மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, முன்பக்கத்தை மேலிருந்து 10 செ.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொண்டே வந்து, அடியில் 5 செ.மீ. மிச்சம் விடுங்கள். உள்ளே ஓட்டுத் துண்டுகளை 5 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் டியூபை இறக்குங்கள். வெறும் சாம்பல் மேல் நிறுத்தினால் பாத்திரத்தின் பாரத்தில் அமிழ்ந்துவிடும். வாய்க்கு மேலே திறந்திருக்கும் இடத்தை, வெட்டிய மூடியிலிருந்து 13 செ.மீ. அகலத் துண்டு எடுத்து ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். பிறகு சுற்றிலும் சாம்பலைக் கொட்டி நிரப்பி, நடுவில் ஓட்டை போட்ட தகட்டால் மேலே அடைத்துவிடலாம்.

சாம்பலுக்குப் பதில் களிமண்ணோ மணலோ போடாதீர்கள். மண் சூட்டைத் தடுப்பதில்லை, உறிஞ்சுகிறது. அது சூடேறி முடியும் வரை அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும். 1980களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அப்ரோவெச்சோ மையத்தில் இந்த அடுப்பை உருவாக்கிய லாரி வினியார்ஸ்கி திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான். கறுத்த உமிச் சாம்பலும் வேண்டாம். அதில் மிச்சமிருக்கும் கரி உள்ளேயே கனியும்.

வாய்க்குள் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் ஒரு தகட்டுத் தட்டு வையுங்கள். மேலே விறகு, கீழே காற்று. தட்டு, நிற்கும் டியூபின் ஓரத்தோடு நிற்க வேண்டும். உள்ளே நீட்டினால் தணல் அதன் மேலேயே குவிந்து, காற்று அடியிலிருந்து வராது.

பெரும்பாலான அடுப்புகள் கெடுவது இனிமேல்தான். பாத்திரத்தை டின்மேல் அப்படியே உட்கார வைத்தால் தீ வாய்வழியே திரும்பி வரும். ரொம்பத் தூக்கினால் சூடு பக்கவாட்டில் போய்விடும். தீ போகும் வழி எங்கேயும் டியூபின் உள்பரப்பளவுக்குக் குறையக்கூடாது. உள்ளளவு 9.4 × 9.4 = 88 ச.செ.மீ. மேலே தீ வெளிவரும் துளையின் சுற்றளவு 37.6 செ.மீ. 88ஐ 37.6ஆல் வகுத்தால் 2.3 செ.மீ. அதனால்தான் பாத்திரத்தைத் தாங்க 2.5 செ.மீ. ஆங்கிள். துண்டுகளைத் துளையிலிருந்து வெளிநோக்கி நீளவாக்கில் வையுங்கள். குறுக்கே வைத்தால் வழியை மறைக்கும்.

அதே கணக்குதான் பாத்திரத்தைச் சுற்றி நிறுத்தும் தகட்டு வளையத்துக்கும். 24 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் சுற்றளவு சுமார் 75 செ.மீ.; எனவே இடைவெளி 1.2 செ.மீ. இந்த வளையத்தை விட்டுவிடாதீர்கள். விறகு மிச்சமாவதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

விறகு கட்டைவிரல் பருமனில், நன்றாகக் காய்ந்த சவுக்கு மிலாறோ சீமைக்கருவேலோ. நுனி மட்டும் எரியட்டும்; எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். வாயை அடைத்துத் திணித்தால் உடனே புகையும்.

மாற்றம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 2 லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை கிராம் விறகு செலவானது என்று எடை போடுங்கள். 28 டிகிரி தண்ணீர் கொதிநிலைக்கு வர சுமார் 600 கிலோஜூல் போதும். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 16,000 தரும். ஆக, இழப்பே இல்லாவிட்டால் 38 கிராம். உங்கள் கணக்கு 150 கிராம் என்றால் கால்பங்கு சூடு தண்ணீருக்குப் போயிருக்கிறது.

பின்னர் சேர்த்தது: கொட்டாங்குச்சி போட்டால் கரும்புகை வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். அது ஒரேயடியாக வாயுவை விடும், காற்று போதாது. சிறு துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போடுங்கள். இன்னொன்று: புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மூடிய அறைக்குள் இதை எரிக்கவே கூடாது. தாழ்வாரமோ கொல்லைப்புறமோதான் இடம்.