பூனையைத் திருத்தப் போய் நாம் செய்யும் தவறுகள்

புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் பாதி, பல ஆண்டுகளுக்கு முன் நானே செய்த பிழைகளிலிருந்து பிறந்தவையாக இருக்கின்றன. அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது என்பவற்றை எவரும் அறிவர். எனவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிப்பதை வஞ்சம் என்று எண்ணுவது

இந்த ஒரு தவறுதான் இன்றும் என்னைச் சினம்கொள்ள வைக்கிறது. "நான் ஊருக்குப் போய் வந்ததற்குப் பழிவாங்குகிறது" என்று யாரேனும் சொல்லும்போது, என் மூன்று வயதுக் கடுவன் நினைவுக்கு வருகிறான். துவைத்து மடித்து வைத்த துணிகளின் மேல் அவன் சிறுநீர் கழித்தபோது, அவனைப் பிடித்து, ஈரத்தில் மூக்கை அழுத்தி, அதட்டி, ஓர் அறையில் அடைத்தேன். அன்றிரவு அவன் திரும்பத் திரும்ப மணல் தட்டில் ஏறிக் குந்துவதும் ஒன்றுமில்லாமல் இறங்குவதுமாக இருந்ததை மலச்சிக்கல் என்று நினைத்து உறங்கிவிட்டேன். காலையில் குளியலறைத் தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு சொட்டுக் கிடந்தது. கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பை கல்போல இறுகியிருந்தது. குழாய் பொருத்தி, மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் பிழைத்தான்; ஆனால் என் கை நீண்டாலே பின்வாங்கும் பழக்கம் அவனை விட்டு நீங்கப் பல மாதங்கள் ஆயின.

கடுவன் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது என்பதால், படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடக்கூடும். அடைப்பு முழுமையானால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, ஓரிரு நாட்களுக்குள் உயிரே போகலாம். அடைப்பு இல்லாதபோதும், தட்டில் அமரும்போது வலித்தால் பூனை அந்தத் தட்டையே வலிக்குக் காரணமாகக் கருதி, மெத்தையையோ துணியையோ நாடும். கிருமித் தொற்று ஏதுமின்றி மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவதும் பூனைகளில் மிகச் சாதாரணம். அத்தகைய பூனையை அதட்டுவது நோயை வளர்ப்பதாகும். முக்குதல், கத்துதல், இரத்தம், பிறப்புறுப்பை ஓயாமல் நக்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். கடுவனுக்குச் சிறுநீரே வரவில்லையெனில் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நோயில்லை என்று உறுதியான பிறகே தட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள் வேண்டும். அவற்றை வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனைக்கு அவை ஒரே தட்டுதான். வாசனையற்ற மணலைப் பயன்படுத்தி, நாள்தோறும் அள்ளுங்கள். அழுக்கான இடத்தை நொதி கலந்த திரவத்தால் கழுவுங்கள். அம்மோனியா கலந்தவை சிறுநீரின் நெடியை ஒத்திருப்பதால் பூனையை மீண்டும் அங்கேயே அழைக்கும். வாலை நிமிர்த்தி நின்றபடி சுவரில் பீய்ச்சுவது வேறு, அது எல்லை குறிப்பது. பெரும்பாலான கடுவன்களிடம் கருத்தடைக்குப் பின் அது குறைந்துவிடும்.

பிறாண்டும் கம்பத்தை ஒளித்து வைப்பது

சோபாவைப் பிறாண்டும் பூனைக்குக் கம்பம் வாங்கி, பார்வைக்கு அழகில்லை என்று பின்னறையில் வைக்கிறார்கள். பூனை பிறாண்டுவது நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், தன் மணத்தைப் பதிக்கவும்தான். ஆகவே அது முழு நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கத் தக்க உயரத்தில், சுமார் 90 செ.மீ., ஆடாத கம்பமாகப் பார்த்து, சோபாவை ஒட்டியே நிறுத்துங்கள்.

நகத்தை நீக்கச் செய்வது

ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் வெட்டப்படுகிறது. செய்யாதீர்கள்.

வெறுங்கையால் விளையாட்டுக் காட்டுவது

குட்டியாக இருக்கும்போது கடிக்க விட்ட கையைத்தான் வளர்ந்த பின்னும் அது கடிக்கும். கயிறு கட்டிய கோலால் விளையாடுங்கள்.

விடியற்காலைக் கத்தலுக்கு உணவிடுவது

ஒன்பது நாள் பொறுத்துப் பத்தாம் நாள் எழுந்து உணவிட்டால், பத்து நாள் கத்தினால் உணவு கிடைக்கும் என்பதே பூனை கற்றுக்கொள்ளும் பாடம். உறங்கப் போகும் முன் நன்றாக ஓடவிட்டு, அதன் பிறகு இரவு உணவைக் கொடுங்கள். கத்தல் குறைவதற்கு முன் சில நாட்கள் கூடுதலாகவே இருக்கும். பலர் கைவிடுவது அந்த நாட்களில்தான்.