‘கவுன்ட்’ என்ற ஒரு சொல்லை முழுசாகப் பழகுவோம்: எண்ணுவதற்கான ஆங்கிலச் சொற்கள், படிப்படியாக

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். ஒரு நாள் முகம் வாடிப்போய் வந்தார். வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குபவர், போனில் எத்தனை பீஸ் இருக்கிறது என்று கேட்டாராம். இவர், ‘ஐ கால்குலேட்டட் த பீசஸ் சார், ஃபோர் எய்ட்டி’ என்றிருக்கிறார். ஒவ்வொரு அட்டைப் பெட்டியையும் பிரித்து, இரண்டு மணி நேரம் கையால் எண்ணிய மனிதர் அவர். பையரோ, ‘ப்ளீஸ் கவுன்ட் தெம்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பையர் மேல் தப்பில்லை. 20 பெட்டி, பெட்டிக்கு 24, ஆக 480 என்று பெருக்கிச் சொன்னதாகவே அவர் காதில் விழுந்திருக்கிறது. எண்ணியவரை எண்ணாதவராகக் காட்டிவிட்டது ஒரு வினைச்சொல். அதனால்தான் இந்தச் சொல்லை மெதுவாக, ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

படி 1: முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

‘கன்ட்ரி’ என்ற சொல்லின் முதல் ஐந்து எழுத்துகள்தான் இதிலும் இருக்கின்றன. ஆனால் ஒலி வேறு: கவுன்ட். இறந்த காலம் ‘கவுன்ட்டிட்’. கடைசியில் ‘ட்’ ஏற்கெனவே இருப்பதால் ‘இட்’ என்று தனி அசையாகச் சொல்ல வேண்டும். பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

பெயர்ச்சொல்லாக இது நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. டெங்கு காய்ச்சல் வந்த வீட்டில் ‘பிளேட்லெட் கவுன்ட் எவ்வளவு?’ என்பதுதான் முதல் கேள்வி. திருப்பூர்க்காரர்களுக்கு நூல் கவுன்ட் தெரியும். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கஜச் சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை என்று எண்ணி வருவது அது. 40 சிட்டம் வந்தால் 40-ஆம் கவுன்ட். எண்ணிக்கை கூடக் கூட நூல் மெலிசு. ஆகவே புதுச்சொல் என்று பயப்பட வேண்டாம், பாதி உங்களுடையதே.

படி 2: என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்று, இரண்டு என்று போனீர்களா? கவுன்ட். கணக்குப் போட்டு விடை கண்டீர்களா? கால்குலேட். வட்டி, மைலேஜ், வரி எல்லாம் கால்குலேட்தான். பல தொகைகளைக் கூட்டினீர்களா? ஆட் அப். மளிகை பில்லைக் கூட்டச் சொல்ல ‘கேன் யூ ஆட் இட் அப்?’ என்றால் போதும்.

வந்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்ல ‘நம்பர்’ என்பதையே வினையாக்குவார்கள். ‘த கெஸ்ட்ஸ் நம்பர்ட் டூ ஹன்ட்ரட்’, அதாவது விருந்தாளிகள் 200 பேர். இது எழுத்து நடை. பேச்சில் ‘தேர் வேர் டூ ஹன்ட்ரட் கெஸ்ட்ஸ்’ என்பதே நல்லது. ‘எனுமரேட்’ இன்னும் கனமானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு வருபவரை எனுமரேட்டர் என்பார்கள், அந்த இடத்துக்கு அது சரி. காய்கறிக் கடையில் வேண்டாம்.

இங்கே ஒரு சந்தேகம் எப்போதும் வரும். ‘மணி’ (பணம்) என்பது எண்ண முடியாத பெயர்ச்சொல் என்றுதானே இலக்கணத்தில் படித்தோம், பிறகு எப்படி ‘கவுன்ட் த மணி’? ‘ஹவ் மச் மணி’ என்று கேட்பதற்குத்தான் அந்த விதி. கை எண்ணுவது நோட்டுகளை, அதனால் ‘கவுன்ட் த மணி’ முழுக்கச் சரி.

படி 3: டாலி

கணக்கு எழுதும் எவரும் ‘டாலி ஆகலை’ என்று சொல்லாத நாள் இல்லை. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே பொருள்தான்: ‘த கேஷ் டஸ் நாட் டாலி வித் த பில்ஸ்’. பணமும் பில்லும் ஒத்துப்போகவில்லை. டாலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூட்டை இறங்கும்போது ஒருவர் சுவரில் கோடு போடுவாரே, நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே, அந்தக் கோடுகள்தான் டாலி மார்க்ஸ்.

இந்தச் சொல்லின் வேர், குச்சியைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். இங்கிலாந்தின் கருவூலத்தில் குச்சியில் வெட்டு வெட்டிக் கணக்கு வைத்திருந்தார்கள். அந்த முறை ஒழிந்த பிறகு, மிச்சமிருந்த குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தார்கள். 1834 அக்டோபர் 16 அன்று அந்தச் சூட்டில் கட்டடமே பற்றிக்கொண்டது. இதைக் கேட்ட பிறகு என் மாணவர் யாரும் டாலியின் பொருளை மறந்ததில்லை.

படி 4: ‘எண்ணு’ கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தமிழில் எண்ணு என்றால் கணக்கிடு, நினை, இரண்டும்தான். ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறது! ‘ஐ கவுன்ட் மைசெல்ஃப் லக்கி’ என்றால் என்னைப் பாக்கியசாலியாக எண்ணுகிறேன். ‘ரெக்கன்’ என்ற சொல்லும் அதே ஜாதி. பழைய பொருள் கணக்கிடுவது, இன்றைய பேச்சில் நினைப்பது. ‘ஐ ரெக்கன் இட் வில் ரெய்ன்’, மழை வரும்னு நினைக்கிறேன். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை நிறையக் கேட்கலாம்.

ஆனால் மரபுத்தொடர்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ‘விரல் விட்டு எண்ணிடலாம்’ மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும்: ‘யூ கேன் கவுன்ட் தெம் ஆன் ஒன் ஹேண்ட்’. கம்பி எண்ணுகிறார் என்பதை மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது, ‘ஹி இஸ் பிஹைண்ட் பார்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். நாளை எண்ணுவதில் இன்னும் கவனம் தேவை. ‘தாத்தா நாளை எண்ணிக்கிட்டு இருக்கார்’ என்றால் நமக்கு மனசு கனக்கும். ‘கிராண்ட்பா இஸ் கவுன்டிங் த டேஸ்’ என்றால் தாத்தா எதற்கோ ஆசையாகக் காத்திருக்கிறார், பேரன் வருகிறான் போலிருக்கிறது என்று கேட்பவர் சந்தோஷப்படுவார். நாம் நினைத்த பொருளுக்கு அவர்கள் சொல்வது ‘ஹிஸ் டேஸ் ஆர் நம்பர்ட்’.

படி 5: ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

‘கவுன்ட் ஆன்’ என்றால் நம்பு. ‘யூ கேன் கவுன்ட் ஆன் மீ’, என்னை நம்பலாம். டூருக்குப் பேர் கொடுக்க ‘கவுன்ட் மீ இன்’, வரவில்லை என்றால் ‘கவுன்ட் மீ அவுட்’.

எதுவும் ஒட்டாமல் ‘கவுன்ட்ஸ்’ என்று தனியாக நின்றால், மதிப்பு உண்டு, கணக்கில் வரும் என்று பொருள். ‘எவ்ரி வோட் கவுன்ட்ஸ்’. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு மக்களவையில் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததே, அதை நினைத்துக்கொண்டால் இந்த வாக்கியம் மனதில் நிற்கும்.

படி 6: இன்றே பேசிப் பாருங்கள்

ராத்திரி பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக்கொண்டே சொல்லுங்கள்: ‘ஐ ஆம் கவுன்டிங் த மணி’. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துக் கணக்கு விட்டுப்போனால் ‘ஐ லாஸ்ட் கவுன்ட்’. முதலிலிருந்து தொடங்கும்போது ‘லெட் மீ கவுன்ட் அகெய்ன்’.

அந்தத் தம்பி மறுநாள் பையருக்கு அனுப்பிய செய்தி இது: ‘சார், ஐ ஓப்பன்ட் எவ்ரி பாக்ஸ் அண்ட் கவுன்ட்டிட் த பீசஸ் பை ஹேண்ட். ஃபோர் எய்ட்டி.’ ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘தேங்க் யூ. ஷிப் தெம்.’