கூலன்ட் கசிவு: ஊற்றி ஊற்றி ஓடுவதுதான் முதல் தவறு

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மூடிய பாதையில் சுற்றுகிறது. பெற்றோலைப் போல அது செலவாவதில்லை. எஞ்சினருகே உள்ள கூலன்ட் போத்தலில் வாரந்தோறும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். நம் பகுதியில் பலர் அதைத் தேடுவதே இல்லை. காரில் ஒரு போத்தல் தண்ணீர் வைத்துக்கொண்டு, இறங்க இறங்க ஊற்றி மாதக்கணக்கில் ஓடுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை வீதி முழுக்கச் சமதரை என்பதால் அரைகுறை ரேடியேட்டரும் சமாளித்துவிடுகிறது. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, பிபிலையைத் தாண்டி, லுணுகலை ஏற்றத்தில் குடும்பத்தோடு ஏறும்போதுதான் எஞ்சின் கொதிக்கிறது.

ஊற்றும் தண்ணீரும் கெடுதல் செய்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலத்தில், கோடையில் கிணறுகள் பல உவர்த்துவிடும். உப்பு அலுமினியத்தை அரிக்கும்; கடின நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படியும். அவசரத்துக்கு ஊற்றத்தான் வேண்டுமென்றால், பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். அசிட் போத்தலை மாற்றி எடுத்துவிடாதீர்கள். நடுவழியில் நின்றுவிட்டால் குடிநீர்ப் போத்தலும் பரவாயில்லை, ஆனால் கசிவைச் சரிசெய்யும்போது முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

காரின் கீழே ஈரத்தைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு, ஈரம் இல்லையென்று நிம்மதியடைகிறவர்களும் உண்டு. ஏசி போட்டு ஓடிய காரிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது இயல்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் நிறையவே சொட்டும். கூலன்ட் என்றால் நிறமும் வழுவழுப்பும் இனிப்பு மணமும் இருக்கும். விரலால் தொட்டுப் பார்க்கலாம், நாக்கில் வைக்கக் கூடாது, நஞ்சு. அதேவேளை, சூடான எஞ்சினில் மெல்லக் கசிவது தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும். மிஞ்சுவது தடம் மட்டுமே. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது டோர்ச் அடித்து அந்தத் தடத்தைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குப் பூத்திருக்கும். ரேடியேட்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில் ஈரக் கோடு தெரியும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து கறை இறங்கியிருந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். பசை வைத்து அடைத்தால் நீர் பேரிங் பக்கம் போய் அதையும் அழித்துவிடும். பம்பை மாற்றத்தான் வேண்டும்.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் ஊகத்தில் பாகங்களை மாற்றத் தொடங்காதீர்கள். பிரஷர் டெஸ்டர் உள்ள கராஜுக்குப் போங்கள். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிய இடத்தில் கைப்பம்பைப் பூட்டி, அந்த மூடியில் பொறித்திருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி, சிறிது நேரம் முள்ளைக் கவனிப்பார்கள்; முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பல ஜப்பானியக் கார்களில் அந்த எண் 1.1, அதாவது ஏறத்தாழ 1.1 பார் (bar). அதற்கு மேல் ஏற்ற விடாதீர்கள். நல்ல ஹோஸும் போய்விடும். மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள், அதிகம் மறக்கப்படுவது அதுதான். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை; நுவரெலியா உயரத்தில் வெறும் நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே வேண்டாம். துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள். அழுத்தம் விடுபட்ட கணமே உள்ளிருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் வளையலாம், வெடிப்பு விழலாம். வெப்பமுள் இறங்கிவிட்டதே என்று மறுபடி ஓடவும் கூடாது. கூலன்ட் வற்றிய பிறகு சென்சர் காற்றில் நிற்கும். முள் காட்டுவதை நம்ப முடியாது.

வெளியே ஒரு துளி ஈரம்கூட இல்லாமல் மட்டம் இறங்கினால், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இனிப்பு மணத்துடன் வெள்ளைப் புகை, பால்தேநீர் நிறத்தில் எஞ்சின் ஒயில், ரேடியேட்டருக்குள் ஓயாத குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றைச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். எஞ்சினைப் பிரிக்குமுன் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கசிவடைக்கும் பொடியும், வீட்டு மஞ்சள் தூளும் ஓட்டையோடு நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு ஈயப் பற்று நின்றது; பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் புதிது போடுவதே சிக்கனம். சூட்டுக்கேற்பக் கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் வால்வான தேர்மோஸ்டாட்டை, "வெப்ப நாட்டுக்குத் தேர்மோஸ்டாட் எதற்கு" என்று கழற்றி எறியும் பழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருளைத் தின்னும். சில எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, கொதிப்பு இன்னும் கூடும்.

வேலை முடிந்து நிரப்பும்போது நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். கார்க் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பாருங்கள். டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் போத்தல் உண்டு, அதையும் பாருங்கள். உள்ளே காற்று தங்கினால் புதிய பாகங்களோடும் எஞ்சின் கொதிக்கும். ஆகவே கையேட்டு முறைப்படி காற்றை வெளியேற்றி, மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

வடித்த பழைய கூலன்டை முற்றத்திலோ, வாவிக்கு ஓடும் வடிகானிலோ ஊற்றாதீர்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். நாயும் பூனையும் ஆடும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். சிந்திய இடத்தில் மணல் தூவி ஒற்றி அள்ளுங்கள். மிச்சத்தை இறுக மூடிய கலனில் அடைத்து, மேலே பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பழைய கூலன்டை ஏற்கும் கராஜில் ஒப்படையுங்கள்.