வெளுத்த இலைக்கெல்லாம் யூரியாவா?

இலை மஞ்சளானால் கை தானாக யூரியா மூட்டைக்குப் போகிறது. நிலக்கடலையில் இந்தத் தவறை அடிக்கடி பார்க்கலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கொழுந்து இலையின் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இடைப்பகுதி வெளுக்கும். முற்றினால் இலையே வெள்ளைக் காகிதமாகிவிடும். அது இரும்புச்சத்துக் குறை. பச்சைய மூலக்கூறுக்குள் இரும்பு கிடையாது, ஆனால் இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் கைமாறவும் அது வேண்டும். யூரியா கொட்டி என்ன பயன்?

எந்த இலை முதலில் வெளுத்தது என்று பாருங்கள். யூரியா தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்னீசியமும் செடிக்குள் நகரும். தட்டுப்பாடு வந்தால் அடி இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும் செடி. தழைச்சத்துக் குறையில் அடி இலை முழுவதும் வெளுக்கும். மக்னீசியக் குறையில் நரம்பிடைகள் மட்டும். இரும்பு அப்படி நகராது, கொழுந்துதான் பட்டினி கிடக்கும்.

காரணம் தெரிந்த பிறகும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) அதே மண்ணில் போடுகிறவர்கள் உண்டு. வேர் எடுக்க முடியாத வடிவத்துக்கு அதைச் சுண்ணாம்பு மண் சீக்கிரமே மாற்றிவிடும். 10 லிட்டர் நீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பதே சரி. ஒரு தெளிப்பு பின்னால் துளிர்க்கும் இலைக்குப் போய்ச் சேராது என்பதால் சுமார் பத்து நாள் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும்.

பசுமைக்குடிலில் வளர்ந்த நாற்றின் கதை வேறு. குடிலுக்குக் கூரையாக "யூ.வி. தாள்" என்று விற்கப்படுவதில் உள்ள சேர்மானம் முதலில் பிளாஸ்டிக் நொறுங்காமல் காக்கத்தான், நாற்றைத் திடப்படுத்த அல்ல. திறந்த வெளிச் செடி ஃபிளாவனாய்டுகள் என்ற கதிர் தடுக்கும் சேர்மங்களை மேல்தோலில் சேர்த்து, 280–315 நானோமீட்டர் புற ஊதா-பி கதிரை வடிகட்டிக்கொள்ளும். அந்தத் திரை போதாத நாற்றை ஒரே நாளில் வெயிலில் நட்டால் ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் ஓர் உறுப்பான டி1 புரதம், செடி அதைப் பழுதுபார்ப்பதைவிட வேகமாகச் சிதையும். வெயில் பட்ட பக்கம் திட்டுத்திட்டாக வெளுத்தால் உரத்தைத் தேடாதீர்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கியிருக்க வேண்டும்.

சத்துக்குறையும் புற ஊதாவும் சேர்ந்தால் சேதம் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடுவதும் தவறு. ஓர் ஆய்வில், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த சோயாவைப் புற ஊதா-பி அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஃபிளாவனாய்டு கூடி, இலையும் தடித்திருந்தது. அது நல்ல செய்தியல்ல, பசியில் வளர்ச்சி ஏற்கெனவே குன்றிப்போன செடி அது.