ஒரே அறை, ஒரு கூண்டு, மோசமான காபி: காவல் நிலைய நகைச்சுவை எபிசோடை எழுதிப் பழகுவது எப்படி?

காவல் நிலையத்தை வைத்து நகைச்சுவை எழுத உட்காரும் பலரும் முதலில் ஒரு துரத்தலைத்தான் எழுதுகிறார்கள். திருடன் ஓடுவான், தொப்பையுள்ள ஏட்டு மூச்சு வாங்குவார், யாராவது வழுக்கி விழுவார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் அது நகராது. துரத்தலே இல்லாமல் எட்டு சீசன் ஓட்ட முடியும் என்று காட்டிய தொடர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1975 முதல் 1982 வரை வந்த ‘பார்னி மில்லர்’. டேனி ஆர்னல்டும் தியடோர் ஃப்ளிக்கரும் உருவாக்கியது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 12ஆவது சரகக் காவல் நிலையம், அதன் மாடியில் துப்பறியும் பிரிவின் அறை, அவ்வளவுதான் களம். எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. அதில் திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களை வைத்தே ஒரு எபிசோடு எழுதிப் பார்ப்போம்.

படி 1: அறையை வரையுங்கள்

கதைக்கு முன்னால் ஒரு தாளில் அறையை வரையுங்கள். உள்ளே வர ஒரே கதவு. நாலைந்து மேசைகள், தட்டச்சுப் பொறிகள். பிடித்து வந்தவரை வைக்கும் கம்பிக் கூண்டு. கேப்டனுக்குத் தனி அறை. காபிப் பானை. கழிவறைக் கதவு. பார்னி மில்லரில் இவை ஒவ்வொன்றும் கதைக்கு உழைக்கும். ஃபிஷ் என்ற வயதான துப்பறிவாளர் கழிவறைக்குப் போவதும் வருவதுமே பல காட்சிகளை நகர்த்தும். கூண்டுக்குள் இருப்பவர் அறையில் நடக்கும் எல்லாப் பேச்சிலும் மூக்கை நுழைக்கலாம்.

ஆரம்பத்தில் அந்தத் தொடர் கேப்டன் பார்னி மில்லரின் வீட்டையும் காட்டியது. போகப் போக அதைக் குறைத்துவிட்டு இந்த அறைக்குள்ளேயே குடியேறிவிட்டது. சரியான முடிவு என்பேன். குற்றம் வெளியே நடக்கிறது. உள்ளே வருவது அதைப் பற்றிய பேச்சு மட்டும். ஒரே சம்பவத்தைப் புகார் கொடுத்தவர் ஒரு மாதிரி சொல்வார், கூண்டில் இருப்பவர் வேறு மாதிரி சொல்வார். சிரிப்பும் வருத்தமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

ஊரின் நிலைமையும் அறைக்குள் தெரியட்டும். 1975இல் நியூயார்க் நகர நிர்வாகம் திவாலாகும் விளிம்புக்குப் போய், ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களை வேலையைவிட்டு நிறுத்தியது. அந்தக் காலத்து நிலையத்தில் நாற்காலி உடைந்திருந்தால் அது வெறும் அலங்காரம் இல்லை.

படி 2: ஆளுக்கு ஒரு தீராத குறை

ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம், ஒரு ஆசை என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பழக்கம் சிரிப்பைத் தரும். ஆசை கதையை வளர்க்கும். பார்னி மில்லரில் துப்பறிவாளர் ஹாரிஸ் நன்றாக உடுத்துவது பழக்கம். நாவலாசிரியர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த நாவல் பல சீசன்களாக வளர்ந்து, அச்சாகி, கடைசியில் வழக்கில் மாட்டி அவர் பணத்தையும் விழுங்கியது. சீருடையில் தபால் கொண்டுவரும் குள்ளமான லெவிட் எப்போது வந்தாலும், துப்பறிவாளராகப் பதவி கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டார்.

காபியைப் பாருங்கள். துப்பறிவாளர் நிக் யெமானா போடும் காபி வாயில் வைக்க முடியாது. வாரா வாரம் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அந்த வேடத்தில் நடித்த ஜாக் சூ 1979 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு அவருக்காகச் செய்த நினைவு நிகழ்ச்சியில், நடிகர்கள் வேடத்தைக் கலைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசினார்கள். முடிவில் காபிக் கோப்பைகளை உயர்த்தி விடைகொடுத்தார்கள். அத்தனை வருடம் அந்தக் காபியைத் திட்டியிருந்ததால்தான் அந்தக் கோப்பைகளுக்கு அவ்வளவு கனம். ஆகவே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

படி 3: கதவைத் திறந்து ஆளை விடுங்கள்

இந்த வகைத் தொடரில் நிலையத்து ஆட்கள் நிலையானவர்கள். கதை எப்போதும் படியேறி வரும். ஒரு எபிசோடுக்கு இரண்டு மூன்று வழக்குகள் போதும். வருகிறவர் விசித்திரமானவராக இருக்கலாம், ஆனால் அவருக்கு ஒரு நியாயம் இருந்தே ஆகவேண்டும். இங்கேதான் நிறைய நேரம் செலவிடச் சொல்வேன்.

என் பயிற்சி நோட்டிலிருந்து ஒன்று. கடுங்குளிர். நிலையத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைத்து நுழைந்ததாக ஒரு முதியவரைக் கூட்டிவருகிறார்கள். கூடவே ஒரு கிளிக்கூண்டும் வருகிறது, சாட்சிப் பொருளாக. கிளி அவருடைய மறைந்த மனைவி வளர்த்தது. முதியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகன் அதை மாடி வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டான்.

“திருடவா போனீங்க?”

“இல்லை. கேட்கப் போனேன்.”

அப்போது கிளி பேசுகிறது: “கதவைப் பூட்டியாச்சா?”

மனைவி தினமும் இரவு கேட்ட கேள்வி, அவருடைய குரலிலேயே. கம்பிக்குப் பின்னாலிருந்து முதியவர் யோசிக்காமல் பதில் சொல்கிறார்: “பூட்டியாச்சு.” தட்டச்சுச் சத்தம் நிற்கிறது.

இப்போது புகார்காரரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் காசு கொடுத்து வாங்கியவர். தனியாக இருப்பவர். அந்த வீட்டில் அவரிடம் பேசுவதும் அந்தக் கிளி ஒன்றுதான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் கேப்டனுக்கு உண்மையான வேலை கிடைக்கும்.

படி 4: இழைகளைப் பின்னுங்கள்

கிளி, ஹீட்டர், பிறகு நிலையத்து ஆள் ஒருவரின் சொந்தப் பிரச்சினை. மூன்றையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் பரப்புங்கள். ஒன்று சூடு பிடிக்கும்போது டெலிபோன் அடிக்கட்டும், அல்லது கதவு திறக்கட்டும், அடுத்ததற்குப் போங்கள். ஒரு இழை இன்னொன்றைத் தொடும் இடம் ஒன்றாவது இருக்கவேண்டும். என் கதையில் குளிரில் நடுங்கும் கிளிக்குத் தன் கோட்டைப் போர்த்துகிறவர், வந்த நேரத்திலிருந்து அதன் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்த துப்பறிவாளர்.

படி 5: கேப்டனைச் சிரிக்கவைக்க விடாதீர்கள்

ஹால் லிண்டன் நடித்த பார்னி பெரும்பாலும் கேட்பவர். சுற்றிலும் எல்லோரும் பேச, அவர் முகத்தில்தான் நம் சிரிப்பு உருவாகும். அவர் அறைக்குள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதும், புகார்காரர் புகாரைத் திரும்பப் பெறுவதும் அந்தத் தொடரில் அடிக்கடி வரும் முடிவு. சமரசத்தை ஒரே வசனத்தில் சாதித்துவிடாதீர்கள். முதல் முயற்சி தோற்கட்டும்.

நான் எழுதிய முடிவு இது. முதியவர் வாரத்தில் மூன்று மாலை மாடி வீட்டுக்கு வரலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு ஒன்றாகவே படியிறங்குகிறார்கள். கையெழுத்து வாங்கவேண்டிய காகிதம் பாக்கி என்பதால் கிளி காலைவரை நிலையத்திலேயே இருக்கவேண்டும். மற்றவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். கேப்டன் கடைசியாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு விளக்கை அணைக்கப் போகிறார்.

“கதவைப் பூட்டியாச்சா?”

அவர் திரும்பிக் கூண்டைப் பார்க்கிறார்.

“பூட்டியாச்சு.”

விளக்கு அணைகிறது.