கட்டுரைக்கு முன்னுரை எழுதுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

பள்ளித் தேர்வுகளில் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. தலைப்பு ‘மழைநீர் சேகரிப்பு’ என்றால், “நீர் மனிதனுக்கு மிகவும் இன்றியமையாதது. நீர் இல்லாமல் உயிர்கள் வாழ முடியாது. எனவே மழைநீர் சேகரிப்பு பற்றி இக்கட்டுரையில் காண்போம்” என்று எழுதிவிட்டுப் பொருளுரைக்குப் போய்விடுகிறோம். இதில் பிழை ஏதும் இல்லை; ஆனால் படிப்பவருக்குத் தெரியாத செய்தியும் எழுதியவருடைய கருத்தும் இதில் இல்லை. இதே தலைப்பை வைத்துக்கொண்டு நல்ல முன்னுரை ஒன்றைப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம்.

முதல் படி, கட்டுரை எதை நிறுவப்போகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது. “மழைநீரைச் சேமிக்க வேண்டும்” என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. அதனால் அதை நிறுவுவதற்கும் ஒன்றுமில்லை. “மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் அதைத் தூய்மை செய்து பராமரிக்க வேண்டும்” என்று எழுதினால், ஏன் என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்கு விடை சொல்வதே பொருளுரையின் வேலையாகிறது. இந்த வாக்கியம் கைக்கு வராதவரை முன்னுரையைத் தொடங்காதீர்கள். முன்னுரை எழுத வரவில்லை என்று வருந்தும் பலருக்கு உண்மையில் இந்த வாக்கியம்தான் அமையாமல் இருக்கிறது.

இரண்டாம் படி, அந்தக் கருத்துக்கு இட்டுச்செல்லும் ஓர் உண்மைச் செய்தியைத் தேடுவது. ஊர், ஆண்டு, பெயர் ஆகியவை உள்ள செய்தியாக இருந்தால் நல்லது. மேற்கோளுடன் தொடங்க விரும்பினால் அதுவும் தலைப்பைத் தொட வேண்டும். தண்ணீர் பற்றிய எந்தக் கட்டுரைக்கும் “நீரின்று அமையாது உலகெனின்” என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் மழையைப் பற்றி அந்தக் குறள் பேசுவது “வானின்று அமையாது ஒழுக்கு” என்னும் அடுத்த அடியில்தான். அந்த அடியை விட்டுவிட்டால் நம் தலைப்புக்கு உரிய பகுதியே விடுபட்டுப்போகிறது.

மூன்றாம் படி, செய்தியையும் கருத்தையும் ஓரிரு வாக்கியங்களால் இணைப்பது. தொடக்கத்தில் சுவையான செய்தி, இறுதியில் தெளிவான கருத்து, இடையில் ஒன்றுமில்லை என்ற நிலையில் பல முன்னுரைகள் இருக்கின்றன. பின்வரும் பத்தியில் மூன்றாம் வாக்கியம் அந்த இணைப்பைச் செய்வதைக் கவனியுங்கள்:

“2015 டிசம்பரில் சென்னை நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோக, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியிருந்தும் இந்தத் தட்டுப்பாடு நேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது. சேகரிப்பு அமைப்பைக் கட்டுவதோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் அதைத் தூய்மை செய்து பராமரிப்பதும் கட்டாயமாக வேண்டும்.”

நான்கே வாக்கியங்கள்தாம். வெள்ளமும் வறட்சியும் ஒரே நகரில் அடுத்தடுத்து வந்தது எப்படி என்று படிப்பவர் எண்ணத் தொடங்கும்போது, அவரை 2003-க்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து நம் கருத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். தண்ணீரின் சிறப்பைப் பற்றித் தனியாக ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இனி நீக்க வேண்டியவை. “இக்கட்டுரையில் காண்போம்”, “அனைவரும் அறிந்ததே”, “இன்றைய நவீன உலகில்” போன்ற தொடர்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பொருள் குறையாது. பொருளுரைக்கு உரிய சான்றுகள் முன்னுரைக்குள் புகுந்திருந்தால், குறிப்பாக வடிகட்டும் தொட்டியின் அமைப்பு, கிணற்றில் நீர் ஊறும் முறை போன்ற விளக்கங்கள் இருந்தால், அவற்றை உரிய இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டில் எழுதும்போது, பொருளுரையை முடித்த பிறகு முன்னுரைக்குத் திரும்புவதே நல்லது. எழுத எழுதக் கருத்து சற்றே மாறியிருக்கும், கடைசி வாக்கியத்தை அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். தேர்வு அறையில் அதற்கு நேரம் கிடைக்காது. அங்கே, வினாத்தாளில் கொடுத்துள்ள குறிப்புகளைப் படித்தவுடன் மையக் கருத்தை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு, முன்னுரையின் கடைசி வாக்கியமாக அதையே வைத்துவிடுங்கள். பொருளுரையின் ஒவ்வொரு பத்தியைத் தொடங்கும்போதும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.